பள்ளிக்கரணையின் முட்டைகளைப் பரிசோதியுங்கள்

சென்னையின் சுற்றுச்சூழலைக் காக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் அளித்த மூன்றாவது மனுவுக்கு, காற்றின் தரம் வரம்புக்குள் இருப்பதாக ஒற்றை வரியில் பதில் வந்துள்ளது. பதிலுக்கு நன்றி, ஆனால் நான் கேட்டிருந்தது பறவைகளின் முட்டைகளைப் பற்றி.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்தில் இரவோடு இரவாக ஒயர் கொளுத்தப்படுவதும், பழைய சோபாக்களும் உடைந்த டிவிப் பெட்டிகளும் கொட்டப்படுவதும் தாங்கள் அறியாததல்ல. சென்ற மாதம் அடித்த காற்றில் எங்கள் தெரு வேப்பமரத்திலிருந்து காகக்கூடு ஒன்று விழுந்தது. சுள்ளிகளுக்கிடையே கருகிய செம்புக் கம்பிகள் பின்னியிருந்தன. நாரும் முடியும் இருக்க வேண்டிய நடுக்குழியில், விரல் பட்டாலே பொடியாக உதிரும் மஞ்சள் நிற சோபா பஞ்சு. அதில் உடைந்த முட்டையின் கரு ஊறிக் காய்ந்திருந்தது.

அத்தகைய பஞ்சிலும் டிவியின் பிளாஸ்டிக்கிலும் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கப்பட்டுவந்த பிபிடிஇ என்னும் புரோமின் சேர்மங்கள் எளிதில் சிதையாதவை, கொழுப்பில் தங்குபவை. தாய்ப்பறவை தின்னும் மீன், புழு வழியாக அதன் உடலில் சேர்ந்து, முட்டையின் மஞ்சள் கருவுக்குள் இறங்கிவிடுகின்றன. அவற்றின் மூலக்கூறு அமைப்பு தைராக்சின் ஹார்மோனை ஒத்திருப்பதால், குஞ்சின் மூளை வளர்ச்சியையும் அது முட்டை ஓட்டை உடைத்து வெளிவரும் தருணத்தையும் நெறிப்படுத்தும் அந்த ஹார்மோனின் வேலையிலேயே குறுக்கிடுகின்றன. கனடாவில் கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறின் குஞ்சுகளுக்கு இவற்றைக் கொடுத்து ஆராய்ந்தபோது, இரத்தத்தில் தைராக்சின் குறைந்தது. டிடிசிபிபி என்னும் வேறொரு தீத்தடுப்பு வேதிப்பொருளைக் கோழிமுட்டைக்குள் செலுத்தியபோது, தைராக்சின் குறைந்ததோடு, கருவின் கல்லீரலில் பல மரபணுக்களின் செயல்பாடும் மாறியது.

இப்படிப் பாதிக்கப்படும் பறவை உடனே செத்து மிதப்பதில்லை. அதனால்தான் எந்தக் கணக்கெடுப்பிலும் அது அகப்படுவதில்லை. குஞ்சு பொரிக்காத முட்டைகளையும் சதுப்புநிலச் சேற்றையும் பரிசோதித்து, முடிவை மக்களுக்கு வெளியிடுங்கள் என்பதே என் கோரிக்கை.

பிபிடிஇ வகைகள் பலவற்றை நம் நாடு 2018ஆம் ஆண்டு விதிகளிலேயே தடைசெய்துவிட்டது. தடைக்கு முன்பு வீடுகளுக்குள் வந்த பொருள்கள்தாம் இப்போது குப்பையாக வெளியேறுகின்றன. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்ந்த அதே 2022ஆம் ஆண்டில்தான், சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தது. அந்தப் புகையில் என்னென்ன இருந்தன, எவ்வளவு சாம்பல் நீரில் படிந்தது என்று நாங்கள் கேட்கக் கூடாதா? உலகம் போற்றும் ஈரநிலம் என்று பலகை வைப்பவர்களுக்கு, அங்கே இடப்படும் முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் கடமை இல்லையா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த கூடுகட்டும் பருவத்துக்குள் முட்டைகளையும் சேற்றையும் பரிசோதிக்க ஆணையிடுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கூட்டை ஓர் அட்டைப்பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறேன். ஆய்வுக்குத் தேவையெனில், சொல்லும் நாளில் நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளிக்கரணைவாசி ஒருவர்