இரும்பு மாத்திரைக்குப் பால் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கர்ப்பிணிகளுக்கான உணவுக் கட்டுரையை என் மருமகள் படித்துக் காட்டினாள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பொடி எழுத்து எனக்கு ஒத்துவருவதில்லை. வாதாம், அவகாடோ, ப்ரோக்கோலி என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. "இதெல்லாம் நம்ம வாரச்சந்தையில கிடைக்குமா அத்தை?" என்று நடுவில் கேட்டாள். போகட்டும், பட்டணத்து வாசகர்களும் இருக்கிறார்கள். கடைசிப் பத்தியில் 'இரும்புச்சத்து மாத்திரையை இரவு ஒரு டம்ளர் பாலோடு சாப்பிடுங்கள்' என்று இருந்ததே, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பாலில் உள்ள கால்சியம் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. டீயும் காபியும் அதைவிட மோசம். இதனால்தான் கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் போடக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறோம். இரும்பு மாத்திரைக்குத் தண்ணீர் போதும். கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் ரொம்ப நல்லது.

நான் 27 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள். நான்காம் மாதத்திலிருந்து 180 நாளுக்குத் தினம் ஒரு மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் அதில் உண்டு, அரசு இலவசமாகவே தருகிறது. அப்படியும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 48 பேருக்கு ரத்தசோகை. மாத்திரை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அரிசி டப்பாவுக்குப் பின்னால் அட்டை அட்டையாக எடுத்திருக்கிறேன். ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால், 'வெளிக்குக் கறுப்பாப் போகுது', 'குமட்டுது', 'பிள்ளை கறுப்பாப் பொறந்துரும்', 'பிள்ளை பெருத்து ஆபரேஷன் ஆயிரும்'. முதல் இரண்டும் உண்மை. கறுப்பாகப் போவதில் பயமில்லை, குமட்டினால் இரவு சாப்பிட்டுப் படுக்கும்முன் போட்டுக்கொள்ளலாம். மற்ற இரண்டும் குங்குமப்பூ சாப்பிட்டால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்கிற ரகம்.

ஆனால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ரத்தம் ஏறாதவர்கள் உண்டு. ஏழாம் மாதத்தில் ஒரு பெண், முந்தானையில் பச்சரிசியை முடிந்துவைத்துக்கொண்டு நாள் பூராவும் மென்றுகொண்டிருந்தாள். திருநீறும் தின்பாளாம். "மசக்கைதான் நர்ஸம்மா" என்றார் மாமியார். ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை? ரத்தசோகையாக இருக்குமோ என்று கீழிமையை இழுத்துப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8. குறைந்தது 11 இருக்கவேண்டும். மாத்திரை சாப்பிடவில்லையா என்று அதட்டினேன். அழுதுகொண்டே காலி அட்டைகளைக் கொண்டுவந்து காட்டினாள். விசாரித்தால், காலையில் மாமியார் ஆற்றிக் கொடுக்கும் டீயிலேயே தினமும் விழுங்கியிருக்கிறாள்.

டாக்டர் மாத்திரையை இரண்டு வேளையாக்கினார். டீயைத் தள்ளிவைத்தோம். முருங்கைக்கீரையும், ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கிய சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) நன்றாக வேகவைத்துக் கொடுத்தார்கள். ஆறு வாரத்தில் 9.4. எல்லாம் டீயை நிறுத்தியதால்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் பச்சரிசி முடிச்சு தானாகவே அவிழ்ந்துவிட்டது.

இன்னொன்று. கர்ப்பிணிகளுக்கான அரசின் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் வரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்துப் பேரீச்சம்பழத்தை வீட்டில் யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு கட்டுரை போடுங்களேன். பெரும்பாலும் கர்ப்பிணியைத் தவிர எல்லோரும்.

கட்டுரையைப் படித்துக் காட்டிய மருமகளுக்கு இது ஐந்தாம் மாதம். அன்றிரவே ஒரு கையில் பால் டம்ளரும் மறு கையில் மாத்திரையுமாக வந்து நின்றாள். 'புத்தகத்துலயே போட்டிருக்கே அத்தை' என்கிறாள். நான் சொன்னால் நம்பமாட்டாள் போலிருக்கிறது. அடுத்த இதழிலேயே திருத்தம் போட்டுவிடுங்கள், கொஞ்சம் கொட்டை எழுத்தில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
சிவகங்கை மாவட்டம்.