மாப்ளே, அந்த 8 லட்சத்தைப் பத்தி

மாப்ளே,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு கோச்சுக்காத. இங்க பூர்வீக வளவு வீட்டு ஓடு மாத்துற வேலை நடந்துட்டு இருக்கு. பங்கு மொத்தம் பதினாலு புள்ளி, அதாவது பதினாலு குடும்பம், ஆளுக்கு பத்தாயிரம் கேட்டதுல எட்டு பேர் தான் குடுத்தாங்க, கோலாலம்பூர்ல இருக்கறவரு ஓட்டையை வீடியோ எடுத்து அனுப்புங்கறாரு, அனுப்புனா இது போன வருஷ வீடியோ மாதிரி இருக்கேங்கறாரு, என்ன செய்ய சொல்ற. கடையும் பாத்துக்கிட்டு கொத்தனாருக்கும் டீ வாங்கி குடுத்துக்கிட்டு ஓடுது பொழப்பு.

சரி, நீ கேட்டதுக்கு வர்றேன். ரிட்டையர்மென்ட் பணத்துல 8 லட்சத்தை உங்க வீட்டு தம்பி கேக்கறான், ஆப்ஷன் செல்லிங், அதாவது மார்க்கெட் இந்த அளவை தாண்டுனா நான் பணம் தர்றேன்னு முன்னாடியே ஒரு தொகை வாங்கிக்கிட்டு ஒப்பந்தம் விக்கறது, அதைப் பண்ணி வாரா வாரம் 2 பர்சென்ட் எடுத்து தர்றேங்கறான், நீ ஷேர்லாம் பாக்கறவனாச்சே என்ன சொல்றேன்னு எழுதிருந்த. இதை உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன், ஆனா நீயே கேட்டப்புறம் மறைச்சா நல்லாருக்காது. நான் அந்த கிணத்துல இறங்கி ஏறுனவன் தான் மாப்ளே.

ஆரம்பத்துல வாங்குறது மட்டும் தான் பண்ணேன். எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் முடியற நாள் அன்னைக்கு மதியம் அஞ்சு ரூபா பத்து ரூபாய்க்கு கெடக்கற ஆப்ஷனை வாங்கி போடறது, ஜீரோ டு ஹீரோன்னு பேரு, நமக்கு பெரும்பாலும் ஜீரோ தான். நாலு மாசம் அப்படி 500, 1000னு போச்சு. அப்புறம் ஒருநா ஒரு வீடியோவுல ஒருத்தன் சொன்னான், வாங்குறவன் தோக்கறான்னா அந்த பணம் விக்கறவனுக்கு தான போகுது, அதனால நீ வித்துடு, நாள் போகப் போக ஆப்ஷன் வெல கரையும், அதுக்கு பேரு தீட்டா, கரையறது பூரா உனக்கு வருமானம்னு. இதை கேட்டதும் உள்ளுக்குள்ள என்னமோ ஆயிருச்சு. வட்டிக்கு விட்ட நம்ம செட்டியார் வீட்ல பொறந்தவனுக்கு இதை வேற விளக்கவே வேண்டாம்ல, ராத்திரி தூங்கும்போதும் ஏறிக்கிட்டே இருக்கறதுக்கு பேரு என்ன, வட்டி. ஐயா காலத்து வட்டி தான் இப்ப போன்ல வருதுன்னு நெனச்சேன், சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். ஆப்ஷன் வித்த காசு, பிரீமியம்பாங்க, அது வந்தா நோட்டுல வரவுன்னு எழுதி வச்சேன், பழைய பேரேடு மாதிரி சிவப்பு துணி அட்டை போட்ட நோட்டு வேற!

ஆறு மாசம் நல்லாவே வந்துச்சு, 48,000 ரூபா. கான்ட்ராக்ட் நோட்டை எல்லாம் கூட்டிப் பாத்தா புரோக்கரேஜ், எஸ்டிடிங்கற வரி, ஜிஎஸ்டின்னு 11,000 போயிருந்தது, அதை நோட்டுல எழுதல, பற்று பக்கம் யாருக்கு பிடிக்கும்.

2024 ஜூன் 3 திங்கக்கிழமை ஞாபகம் இருக்கா, எக்ஸிட் போல் வந்த மறுநாளுக்கு மறுநாள். அம்பது பெரிய கம்பெனி ஷேரோட குறியீடு இருக்குல்ல, அந்த நிஃப்டி ஒரே நாள்ல 3 பர்சென்டுக்கு மேல ஏறி 23,263ல முடிஞ்சுது. சந்தை நாள் வேற, கடையில கூட்டம், அதுக்கு நடுவுல நான் வியாழக்கிழமை எக்ஸ்பைரியோட 22,000 புட்டை, அதாவது நிஃப்டி 22,000க்கு கீழ போனா நான் பணம் குடுக்கணும்ங்கற ஆப்ஷனை, 52 ரூபாய்க்கு வித்தேன், 10 லாட்டு, லாட்டுன்னா ஒரு கட்டு, அப்ப லாட்டுக்கு 25 தான், ஆக 250. கைக்கு வந்தது 13,000. அவ்ளோ தூரம் கீழ வரவா போகுதுன்னு ஒரு தைரியம், 1,200 பாயின்டுக்கு மேல தள்ளி இருக்குல்ல. அக்கவுன்ட்ல இருந்த 6 லட்சமும் கிட்டத்தட்ட மார்ஜின்ல, அதாவது நஷ்டம் வந்தா ஈடுகட்ட புரோக்கர் பிடிச்சு வைக்கற பணத்துல போய் உக்காந்துருச்சு. கீழ 21,500 புட்டை இருபது சொச்சத்துக்கு வாங்கி வச்சிருந்தா நஷ்டத்துக்கு ஒரு எல்லை இருந்திருக்கும், மார்ஜினும் கொறஞ்சிருக்கும், தெரிஞ்சும் வாங்கல. வர்ற 13,000ல 5,000 போயிருமேன்னு மனசு வரல, அவ்ளோதான் காரணம், வேற ஒண்ணுமில்ல.

மறுநாள் செவ்வாய், ஓட்டு எண்ணிக்கை. பதினோரு மணி சுமாருக்கு ஒருத்தர் 4 இஞ்ச் கீல் அரை டஜன் கேட்டு வந்தாரு. போன் கல்லா பக்கத்துல சார்ஜ்ல கெடக்கு, நான் கீலை எண்ணிக்கிட்டே பாக்கறேன், 52ன்னு வித்தது 180ன்னு நிக்குது, ஒரு ஸ்க்ரூ பாக்கெட்டை எடுத்துட்டு திரும்பறதுக்குள்ள 310. ஆப் சுத்திக்கிட்டே இருக்கு. அவர் பித்தளைல இருக்கான்னு கேக்கறாரு, நான் இருக்குன்னு இரும்பை பொட்டலம் கட்டி குடுத்தேன், சாயங்காலம் திரும்ப வந்து திட்டிட்டு போனாரு அது தனி கதை. மார்ஜின் பத்தல, பணம் போடுன்னு மெசேஜ் மேல மெசேஜ். எங்க போட, இருந்ததெல்லாம் போட்டாச்சு. மதியத்துக்குள்ள அவங்க சிஸ்டமே 600 சொச்சத்துல ஸ்கொயர் ஆஃப் பண்ணி, அதாவது நான் வித்ததை திரும்ப வாங்கி கணக்கை முடிச்சு விட்ருச்சு. அதுல போனது 1,37,000. நிஃப்டி அன்னைக்கு 21,281 வரைக்கும் போயிட்டு 21,884ல முடிஞ்சுது, கிட்டத்தட்ட 6 பர்சென்ட்.

அதோட விட்ருந்தாலும் பரவால்ல. இனி சரிய தான் போகுதுன்னு 21,500 புட்டை 280க்கு 250 வாங்குனேன், தும்பை விட்டு வாலைப் பிடிச்ச கதை. புதன்கிழமை மார்க்கெட் 700 பாயின்ட் ஏறுது, பயமும் அடங்கி, அந்த பயத்தை அளக்கற விக்ஸ் குறியீடும் விழுந்துருச்சு, 30 ரூபாய்க்கு வித்துட்டு வெளிய வந்தேன். அதுல 62,500.

இப்ப கேளு, வயிறெரியற இடம் இது தான். வியாழக்கிழமை நிஃப்டி 22,821ல முடிஞ்சுது. அதாவது நான் வித்த 22,000 புட்டு பைசா பெறாம செத்துப் போச்சு. நான் சொன்னது தான் நடந்துச்சு மாப்ளே, கணிப்புல தப்பே இல்ல! அந்த ரெண்டு நாளை தாங்குறதுக்கு பணம் தான் இல்ல. தம்பி உனக்கு 100ல 90 தடவை ஜெயிக்கும்னு காட்டுவான், உண்மையாவே ஜெயிக்கும், அதை நம்பித் தான் நானும் போனேன்.

அப்புறம் ரொம்ப நாள் யோசிச்சேன் எங்க தப்பு பண்ணேன்னு. வட்டின்னு நெனச்சேன் பாரு, அது தான். வட்டிக்கு விட்டா அடமானம் நம்ம பெட்டில இருக்கும், நகையோ பத்திரமோ. இங்க வந்த 13,000க்கு அடமானமா உக்காந்திருந்தது என்னோட 6 லட்சம், கடன் குடுத்தவன்னு நெனச்சுக்கிட்டு கடன்காரன் இடத்துல உக்காந்திருந்திருக்கேன். அடமானம் கையில இருந்தவங்க கதையே என்னாச்சு, 1930கள்ல நெல்லு வெல விழுந்து, கடன் வாங்குனவங்க கட்ட முடியாம, கீழ் பர்மாவுல முக்கியமான ஜில்லாக்கள்ல கால்வாசி நெல்லு நெலம் நம்மாளுக கைக்கு வந்துச்சு, 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப நெலத்தை சுருட்டி எடுத்துட்டா வர முடியும். அப்பத்தா டிரங்கு பெட்டில பர்மா பத்திரம் இன்னும் கெடக்கு, ஓடு வேலைக்கு மேல கட்டை ஒதுக்கும்போது போன வாரம் தான் பாத்தேன், கரையான் கூட தொடல.

ஷேர் மார்க்கெட்டை கண்காணிக்கற செபி 2024 செப்டம்பர்ல ஒரு கணக்கு விட்டாங்க, மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓ, அதாவது ஃப்யூச்சர், ஆப்ஷன் வியாபாரம் பண்ண தனி ஆளுங்க ஒரு கோடி பேருக்கு மேல, அதுல 93 பர்சென்ட் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. செலவெல்லாம் போக 1 லட்சத்துக்கு மேல லாபம் பாத்தவன் நூத்துல ஒருத்தன். நஷ்டப்பட்டவனுக்கு சராசரி சுமார் 2 லட்சமாம். நான் அப்படியே சராசரி மாப்ளே, பத்தாம் கிளாஸ்ல கூட நான் சராசரிக்கு வந்ததில்ல உனக்கு தெரியும். லாபம் எடுத்தது பெரிய புரோக்கர் கம்பெனிகளோட சொந்த கணக்கும் வெளிநாட்டு ஃபண்டும், அதுலயும் கிட்டத்தட்ட எல்லாமே அல்கோ, கம்ப்யூட்டரே வாங்கி விக்கறது. கீல் எண்ணிக்கிட்டே நான் அதோட போட்டி போட்ருக்கேன் பாரு.

தம்பியை திட்டாத. திட்டுனா உனக்கு தெரியாம பண்ணுவான், நான் வீட்டுக்கு தெரியாம பண்ண மாதிரி. அவன் காட்டற ஸ்க்ரீன்ஷாட்டை பாக்காத, புரோக்கர் சைட்ல டாக்ஸ் ரிப்போர்ட்னு ஒண்ணு இருக்கும், சார்ஜ் எல்லாம் கழிச்ச கணக்கு, ஒரு வருஷத்துக்கு எடுத்து காட்டச் சொல்லு, அதுல ஜூன் 4 மாதிரி ஒரு நாள் இருக்கான்னு பாரு. இல்லன்னா அவன் இன்னும் பரீட்சையே எழுதல. 2024 நவம்பர்ல இருந்து ஒரு கான்ட்ராக்ட் கொறஞ்சது 15 லட்ச ரூபா மதிப்புன்னு ஆக்கிட்டாங்க, உன் 8 லட்சம் அதுல எத்தனை லாட்டுக்கு வரும், அது போச்சுன்னா அடுத்து எங்கருந்து எடுப்ப, நமக்கு பென்ஷனா வருது. ஆசைப்பட்டா 50,000 குடு, விக்கும்போதே கீழ ஒண்ணு வாங்கி கட்டி தான் விக்கணும்னு சொல்லு. பணம் பத்தாதும்பான், சரிப்பான்னு விட்ரு. மிச்சத்தை எஃப்டில போடு, உங்க வீட்டு ஆச்சி பேர்ல போட்டா இன்னும் நல்லது, உன் கைக்கு எட்டாது.

எனக்கு ஆடிட்டர்ட்ட போனப்ப, இது பிசினஸ் நஷ்டம், நேரத்துக்கு ரிட்டர்ன் போட்டா எட்டு வருஷம் தூக்கிட்டு போய் வர்ற பிசினஸ் லாபத்துல கழிச்சுக்கலாம்னாரு. ஏற்கனவே அத தான் தூக்கிட்டு திரியறேன்னேன், சிரிச்சுட்டு ஃபீஸ் வாங்கிக்கிட்டாரு.

இப்ப பண்றதில்ல. எக்ஸ்பைரி இப்ப செவ்வாய்க்கிழமைக்கு மாறிடுச்சு, அன்னைக்கு மதியம் ரெண்டு மணி சுமாருக்கு சும்மா திறந்து பாக்கறது உண்டு, பொய் சொல்லல.

அடுத்த மாசம் எங்க வீட்டு படைப்பு, முன்னோருக்கு படைச்சு கும்பிடறது, ஆச்சியையும் தம்பியையும் கூட்டிட்டு வா, பல்லவன் ரயில்ல வந்தா ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துட்டு வர்றேன். ஒண்ணு மட்டும், எங்க வீட்ல 60,000 தான் போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். பந்தில உக்காந்து வாயை விட்றாத.

உன்
பங்காளி