படத்தில் இருந்த கார் டாட்ஜ் வைப்பர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில், கார் பந்தய வீடியோ கேம்தான் பையன்களைச் சாலையில் கண்மண் தெரியாமல் ஓட்ட வைக்கிறது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. கூடவே ஒரு படம். நீல நிறக் கார், நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டை, கூரையில் இரண்டு புடைப்பு. கீழே ‘அதிவேக வெளிநாட்டு கார்’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அது டாட்ஜ் வைப்பர் ஜிடிஎஸ், 1996இல் வந்த மாடல். கண்ணாடி துடைக்கிற வைப்பர் இல்லை, விரியன் பாம்பு என்று பொருள். அந்தக் கட்டுரை சொன்னதற்கு நேர் எதிரான பாடத்தை எனக்குச் சொல்லித்தந்த கார் அது. அதனால்தான் எழுதுகிறேன்.

காரைக்குடியில் 22 வருடமாக டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டின் கார் கொட்டகையில் ஒரு பழைய டாட்ஜ் கிங்ஸ்வே நின்றது. பள்ளி விடுமுறையில் அதைத் துடைப்பது என் வேலை. ‘ஆக்ஸிலேட்டரை உதைக்காதப்பா, முட்டையை மிதிக்கிற மாதிரி மிதி’ என்று அப்பா அப்போதே சொல்வார். எனக்குப் புரிந்ததே இல்லை.

2001 வாக்கில் செக்காலை ரோடு பக்கம் ஒரு வீடியோ கேம் கடையில் கிரான் டூரிஸ்மோ 2 விளையாடினேன். டாட்ஜ் என்ற பெயரைப் பார்த்ததும் வைப்பரை எடுத்தேன். முதல் வளைவில் பட்டனை முழுதாக அழுத்தினேன், பின்பக்கம் சுழன்று கார் வந்த வழியைப் பார்த்து நின்றுவிட்டது. இன்னொரு தடவை, அதே கதை. கடைசியில் வளைவு முடிந்து கார் நேரான பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால்தான் போகிறது என்று கண்டுபிடித்தேன். அப்பா சொன்ன முட்டை அன்றைக்குத்தான் புரிந்தது.

கார் ஏன் அப்படிச் செய்கிறது? 1992இல் விற்பனைக்கு வந்த முதல் வைப்பரின் எஞ்சின் 8 லிட்டர் (ஏறக்குறைய 8,000 சிசி), 10 சிலிண்டர். நான் முதலில் சொல்லிக்கொடுத்த மாருதி 800இன் முழு எஞ்சினே 796 சிசிதான். அதாவது வைப்பரின் ஒரே ஒரு சிலிண்டருக்குள் என் கார் எஞ்சின் மொத்தமும் அடங்கிவிடும். மாருதிக்கு 37 குதிரைத்திறன், இதற்கு 400. அந்தச் சக்தி முழுவதும் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் போகிறது. அந்த முதல் மாடலில் பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இல்லை, ஏர்பேக் இல்லை, சக்கரம் வழுக்கினால் தடுக்க ஒரு கம்ப்யூட்டரும் இல்லை. கதவுக்கு வெளியே கைப்பிடிகூடக் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சைலன்சர் குழாய் இறங்கும்போது காலைச் சுடும். ஓட்டுகிறவனின் பாதம் ஒன்றுதான் அந்தக் காருக்குப் பாதுகாப்பு. 2017இல் டெட்ராய்ட் ஆலையில் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு அதை ஓட்டிப் பார்க்க இனி கேம் ஒன்றுதான் வழி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரான் டூரிஸ்மோவில் முதலில் லைசென்ஸ் டெஸ்ட் வந்து நிற்கும். புறப்பட்டுப் போய்க் குறித்த கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். கோட்டைத் தாண்டினால் ஃபெயில், மறுபடி முதலிலிருந்து. ஆர்டிஓ மைதானத்தில் எட்டுப் போடுவதைவிடக் கறாரான பரீட்சை.

இப்போது என் மகன் பத்தாம் வகுப்பு. கேம் விளையாட செகண்ட் ஹேண்டில் ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கிக்கொடுத்தேன். படிப்பு முடிந்தபின் அரை மணி நேரம், பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் வைப்பர் ஓட்டுகிறான். 20 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய இங்கிருந்து தேவகோட்டை போகிற தூரம், வழியெல்லாம் வளைவு. டிராக்‌ஷன் கன்ட்ரோலை, அதாவது சக்கரம் வழுக்காமல் தடுக்கும் வசதியை, நானே அணைத்துவைப்பேன். பயிற்சிக் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, இங்கே இல்லை. ஆனாலும் அவன் வளைவுக்குள் வேகமாகப் போனால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்துகிறது. ‘தம்பி, ஸ்டியரிங் நேராகட்டும், அப்புறம் மிதி’ என்பேன். போன வாரம் ஒரு வளைவில் அவன் கால் கட்டைவிரல் மட்டும் மெல்ல இறங்கியதைப் பார்த்தேன். பின்சக்கரம் லேசாக அசைந்து பிடித்துக்கொண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, என் அப்பாவின் கால் அப்படித்தான் இறங்கும்.

எல்லா கேமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. 2005இல் வந்த நீட் ஃபார் ஸ்பீடு மோஸ்ட் வான்டடிலும் இதே வைப்பர் இருக்கிறது. அங்கே போலீஸ் வண்டியை இடித்து நொறுக்கினால் பரிசுப் புள்ளி. எதில் மோதினாலும் உடனே கிளம்பிவிடலாம். சின்னப் பிள்ளைக்கு அதை நான் தரமாட்டேன். கார் ஒன்றுதான், ஒரு கேமில் தப்பை மன்னிக்கிறது, இன்னொன்றில் மன்னிப்பதில்லை. இந்த வித்தியாசத்தைப் பெற்றோருக்குச் சொல்லியிருந்தால் அந்தக் கட்டுரை எத்தனையோ வீட்டுக்கு உதவியிருக்கும்.

என்னிடம் படிக்க வருகிறவர்களில் பயமில்லாமல் மிதிக்கிறவர்கள் பெரும்பாலும் கேம் விளையாடியவர்கள் இல்லை. பதினைந்து, பதினாறு வயதிலேயே வீட்டில் பைக் சாவி கிடைத்தவர்கள். குன்றக்குடி ரோட்டில் மாலை நேரம் ஒரு மணி நேரம் நின்றால் உங்கள் நிருபர் கண்ணாலேயே பார்க்கலாம். அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுங்கள். எந்த நாள் வந்தாலும் பயிற்சிக் காரில் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சியாளர், காரைக்குடி