அம்பியன்ஸும் களையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் கொழும்பு உணவகங்களைப் பற்றி எழுதியவர், ஒரே பக்கத்தில் நாலு தடவை 'அம்பியன்ஸ்' (ambience, ஓர் இடத்தின் சூழல்) என்று போட்டிருந்தார். சண்டைக்கு வரவில்லை. அந்தச் சொல்லின் பூர்வீகம் சுவையானது என்பதால் எழுதுகிறேன்.

லத்தீனில் 'அம்பி' என்றால் சுற்றி, 'இரே' என்றால் போதல். இரண்டும் சேர்ந்து 'அம்பிரே', சுற்றிவருதல். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த அம்பியன்ஸை ஆங்கிலக்காரர் எடுத்துக்கொண்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். நம்முடைய சூழலும் சூழ்தலில் பிறந்ததுதானே! இதைவிட வேடிக்கை, இரண்டின் உடன்பிறப்புகள். ரோமாபுரியில் வேட்பாளர்கள் வாக்குக் கேட்டுச் சுற்றித் திரிந்ததற்குப் பெயர் 'அம்பிதியோ'. பேராவலைக் குறிக்கும் ஆங்கில 'அம்பிஷன்' அதன் பிள்ளை. (தேர்தல் காலத்தில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) தமிழில் சூழலின் கூடப்பிறந்தது சூழ்ச்சி. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்று 671ஆம் குறளில் வரும்போது அது நல்ல பிள்ளை. ஆராய்ந்து பார்ப்பது என்றே பொருள். பிறகுதான் கெட்டுப்போனது.

சரி, அம்பியன்ஸுக்குப் பதில் சூழல் என்று எழுதிவிடலாமா? எனக்கு மனம் ஒப்பவில்லை. 'கடையின் சூழல் நன்று' என்றால் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை மாதிரி இருக்கிறது. சுற்றாடலையோ மத்திய சுற்றாடல் அதிகார சபை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆடிவேல் தேர் புறப்படும் நாளில் செட்டியார் தெருவைப் பார்த்து என்ன சொல்கிறோம்? களை கட்டிவிட்டது என்கிறோம். அந்தக் களைதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

நான் வழக்கமாகப் போகும் சைவக் கடை ஒன்றில் முன்பெல்லாம் கேட்காமலே வடைத் தட்டு மேசைக்கு வரும். தின்றதை எண்ணிக் காசு வாங்குவார்கள். கை துடைக்க கிளாஸில் பத்திரிகைத் துண்டுகள் செருகியிருக்கும் (உங்களுடையதும்தான், மன்னிக்கவும்). கரையோர ரயில் போனால் பிளேன்ரீ கிளாஸ் மெல்ல அதிரும். போன வருடம் கண்ணாடிக் கதவு, ஏசி, மங்கல் வெளிச்சம் எல்லாம் வந்தன. இப்போது ரயில் போவதே தெரிவதில்லை. விலை ஏன் இப்படிக் கூடியது என்று கேட்டால், 'அம்பியன்ஸுக்கு' என்கிறார் முதலாளி. பழைய களை எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். வாசலில் புதிதாக வைத்திருக்கும் பூச்சாடிகளை அவர் எட்டிப் பார்ப்பாரே என்று பேசாமல் வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.