பஜனை மடத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

சேலம் அம்மாப்பேட்டையில் நம் தெருவின் நடுவே நிற்கும் பஜனை மடத்தின் திருப்பணி கார்த்திகையில் நிறைவுற்றது என்பதையும், வரும் மார்கழி பஜனை வெளிப்பந்தலில் அல்லாமல் மடத்துக்குள்ளேயே நடைபெறும் என்பதையும் குழு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறது. ஆடிக்கு முன் முடித்துத் தருவதாகப் பொதுக்குழுவில் ஒப்புக்கொண்டிருந்தோம், அது இயலவில்லை.

மடத்தை இடித்துவிட்டு கான்கிரீட் கட்டடம் எழுப்பலாம் என்று உறுப்பினர் பலர் கருதியது நினைவிருக்கலாம். கூரை ஒழுகியதும் சுவர் உதிர்ந்ததும் கட்டடத்தின் முதுமையால் அல்ல, முன்பு நல்லெண்ணத்துடன் பூசப்பட்ட சிமெண்டால்தான் என்பது பூச்சைக் கொத்தி எடுத்தபோது தெளிவாயிற்று. சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லைப் பொடியாக்கிவிடும். தேக்கு விட்டங்களில் சுவருக்குள் பதிந்திருந்த முனைகள் மட்டுமே மக்கியிருந்தன. அவற்றை வெட்டி நீக்கிப் பழைய தேக்கையே ஒட்டுப்போட்டோம்.

கூரையை மறுபடியும் மெட்ராஸ் ஒட்டாகவே அமைத்தோம். சட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டை துள்ளும் அளவுக்குத் தளம் இறுகும்வரை நாள்கணக்கில் தட்டவேண்டும். அந்த நீரின் வாடையைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கு நன்றி. ஐப்பசி மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை.

ஊருக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்புக் கரடு இருக்கும்போது சுண்ணாம்பை ஏன் விலைக்கு வாங்கவேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார். பெயர்தான் அப்படி, அங்கே கிடைப்பது உலைச் செங்கல்லுக்கு உதவும் மாக்னசைட், பூச்சுக்கு ஆகாது.

தாமதத்தின் பெரும்பகுதி எங்கள் பிழை. கொத்தனார் வேண்டாமென்று சொல்லியும், அவசரத்தில் வடக்குச் சுவருக்குச் சித்திரை வெயிலில் பூச வைத்தோம். சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து மெல்ல இறுகவேண்டிய பொருள். வெயிலில் ஈரம் சட்டென்று வற்றியதால் பூச்சு முழுதும் வெடித்தது. அதைச் சுரண்டி எடுத்து, ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, அடுத்தடுத்த பூச்சுகளுக்கிடையே காத்திருந்து, மறுபடி செய்தோம்.

கல்தூண்களின் எண்ணெய்ச் சாயத்தை மணல் வீச்சால் ஒரே நாளில் நீக்கித் தருவதாக ஒருவர் முன்வந்தார். மணல் வீச்சு சாயத்தோடு கல்லின் மேல்தோலையும் சிற்பத்தின் கூர்மையையும் சேர்த்தே எடுத்துவிடும் என்பதால் மறுத்து, கையாலேயே பொறுமையாகச் சுத்தம் செய்தோம். திண்ணைத் தூண்கள் இரண்டில் பாவை, அதாவது தறிக்கான நெடுக்கு நூலை, தெருவில் நீட்டிக் கட்டிய கயிறு இழுத்து இழுத்து விழுந்த தடங்கள் உள்ளன. அவற்றை அடைத்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. தெருவில் பாவு ஓடிய காலத்துக்கு வேறு சாட்சி நம்மிடம் இல்லாததால் அப்படியே விட்டிருக்கிறோம்.

தரைக்குப் பளபளப்பான டைல்ஸ் உபயம் தர முன்வந்த அன்பரிடம், சிமெண்டைப் போலவே அதுவும் ஈரத்தை அடைத்துவிடும் என்பதை விளக்கி, அத்தொகையைத் தேக்குச் செலவுக்குப் பெற்றுக்கொண்டோம். உபயதாரர் பெயர்கள் மரப்பலகையில் எழுதப்படும்; கல்லிலோ டியூப்லைட்டிலோ பொறிக்கப்படமாட்டா. இதில் வருத்தமுற்றோர் பொறுத்தருள்க. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

இனிச் சுவரில் ஆணி அடிப்பதும், எமல்ஷன் பூசுவதும், மாடியில் தண்ணீர்த்தொட்டி வைப்பதும் கூடாது. ஆண்டுதோறும் மழைக்கு முன் மாடித் தூம்புகளில் அடைத்த சருகை அகற்றிச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். முதல் ஆண்டுக்கு அப்பொறுப்பைக் குழுவே ஏற்கிறது. அடுத்த ஆண்டுக்கு முன்வருவோர் மார்கழி முதல் நாள் பஜனை முடிந்ததும் பெயர் தரலாம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்