ரோபோ முழங்கால் மாற்று செய்யும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். ‘ரோபோ செய்தால் பிழைக்கே இடமில்லை’ என்று விளம்பரம் செய்வதை நிறுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். கருவி நல்ல கருவிதான். 1997-இல் பிரான்சின் கிரெனோபிளில் கணினி வழிகாட்டலோடு முழங்கால் மாற்று தொடங்கிய பிறகு, கால் அச்சு (இடுப்பு மூட்டிலிருந்து முழங்கால் வழியே கணுக்கால் வரையிலான கோடு) 3 டிகிரிக்கு மேல் விலகும் கேஸ்கள் குறைந்துள்ளன. பிழை வரும் வழிகள்தான் மாறியிருக்கின்றன.

ரோபோவுக்கு வழிகாட்டும் கேமராவுக்கு எலும்பு தெரியாது. எலும்பில் ‘பின்’ என்ற உலோகக் கம்பியை அடித்துப் பொருத்திய டிராக்கர்தான், அதாவது ஒளியைத் திருப்பும் சிறு பந்துகள் கொண்ட அடையாளச் சட்டம்தான் தெரியும். உதவியாளரின் முழங்கை பட்டு டிராக்கர் 1 டிகிரி திரும்பினால், 10 செ.மீ. தள்ளியிருக்கும் மூட்டில் அது 1.7 மி.மீ. பிசகு. எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) அந்தப் பின் தானாகவே தளரக்கூடும். டிராக்கரின் பந்தில் ஒரு சொட்டு ரத்தம் ஒட்டினாலும் அளவு நகரும். தொடையைச் சுழற்றி இடுப்பு மூட்டின் மையத்தைக் கணிக்கும்போது இடுப்பெலும்பு கூடவே அசைந்து மையம் 7 மி.மீ. தள்ளிப்போனால், அச்சில் ஏறத்தாழ 1 டிகிரி போச்சு. இதற்கெல்லாம் திரை எச்சரிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கு முன்பும் செக்பாயின்ட்டை (எலும்பில் முன்பே குறித்துவைத்த சரிபார்ப்புப் புள்ளியை) தொட்டுப் பார்க்க வேண்டும். வெட்டிய பரப்பில் அளவுத் தகட்டை வைத்து மறுபடி அளக்க வேண்டும். திட்டத்திலிருந்து 1 டிகிரியோ 1 மி.மீட்டரோ விலகினால், காரணம் தெரியும்வரை அடுத்த வெட்டு கூடாது. இதற்குச் சில நிமிடங்கள் போதும். ஒரே நாளில் கேஸ்களை அடுக்கும்போது முதலில் கைவிடப்படுவதும் இந்த நிமிடங்கள்தான். அந்த அவசரம் உங்கள் மேசையில் தொடங்குகிறது. செக்பாயின்ட் அளவையும் வெட்டிய பரப்பின் அளவையும் ஆபரேஷன் குறிப்பில் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள்.

டிராக்கரின் பின் அடித்த துளை வழியே எலும்பு முறிவதும் உண்டு. அரிதுதான், ஆனால் கொடுமை. ஒரே முயற்சியில், எலும்பின் நடுவாக, சலைன் ஊற்றிக் குளிர்வித்தபடி துளையிட வேண்டும். ஓரமாக வழுக்கிய துளையும், பக்கத்திலேயே போடும் மறுதுளையும் எலும்பைப் பலவீனமாக்கும். வீடு திரும்பிய சில வாரங்களில், கீழே விழாமலேயே துளைப் பக்கம் புதிதாக வலித்தால் உடனே எக்ஸ்ரே எடுக்க வரும்படி ஒப்புதல் படிவத்திலேயே தமிழில் எழுதிக் கொடுங்கள்.

கட்டணத்தையும் அதே தாளில் காட்டுங்கள். 2017-இல் வந்த விலை உச்சவரம்பு இம்பிளான்ட்டுக்கானது, அதாவது உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டுக்கானது. ரோபோவுக்கென வாங்கும் தொகை அதில் அடங்காது. அச்சு நேராக அமைவதால் மட்டும் வலி கூடுதலாகக் குறையும் என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை என்பதையும் நோயாளி தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

கடைசியாக, வழக்கமான ஜிக் டிரே (ரோபோ இல்லாமல் கையால் வெட்ட உதவும் வழிகாட்டிக் கருவிகளின் தட்டு) ஸ்டெரிலைஸ் செய்யப்பட்டு ஒவ்வொரு ரோபோ கேஸிலும் தியேட்டருக்குள்ளேயே இருக்கட்டும். பாதியில் டிராக்கர் கழன்றால் மிச்ச வெட்டுகளை அதை வைத்துத்தான் முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
எலும்பு மூட்டு அறுவை அரங்கில் பணிபுரிவோர்