அகழ்வுப் பதிவுகளை அவை எழுதப்பட்ட வடிவிலேயே தாருங்கள்

நாட்டில் தொல்லியல் அகழ்வுகளுக்கு அனுமதி வழங்குவோருக்கும், அவற்றை நடத்துவோருக்கும், அவற்றின் பதிவுகளைக் காத்து வைத்திருப்போருக்கும்,

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

என் ஆய்வேட்டுக்காக, வன்னியில் பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஓர் அகழ்வில் கிடைத்த உடைந்த மட்பாண்ட ஓடுகளின் பட்டியலைக் கேட்டு விண்ணப்பித்துப் பதினொரு மாதங்கள் கழிந்த பின், கொழும்பிலுள்ள ஓர் அலுவலகத்திலிருந்து எனக்கு ஓர் இறுவட்டுக் கிடைத்தது. தந்தவர் பண்போடுதான் தந்தார். அதைத் தேடியெடுக்கப் பட்ட பாட்டையும் சொன்னார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த இறுவட்டில் இருந்ததைப் பற்றியும், இருந்திருக்க வேண்டியதைப் பற்றியுமே எழுதுகிறேன்.

அதில் இருந்தது 214 பக்கங்கள் கொண்ட ஒரேயொரு பிடிஎஃப் கோப்பு. அகழ்வு நடந்த நாட்களில் மாலைதோறும் எக்செல்லில் பதிந்த பட்டியலைப் பின்னர் யாரோ அச்சிட்டுக் கோவையில் கோர்த்திருக்கிறார்கள். இன்னும் பின்னர் வேறு யாரோ அந்தத் தாள்களை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கோவைக்காகத் துளையிட்ட இடத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு எண்கள் இல்லை. மூல எக்செல் கோப்பைத் தர முடியுமா என்று கேட்டேன். இரண்டு வாரங்களில் அதன் ஒரு பகுதி பென் டிரைவில் வந்தது. திறந்து பார்த்தால், குறிப்புகள் எழுதிய நிரல் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக இருந்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் அது. அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். அங்கும் தமிழில் ஒரு சொல்லை இட்டுத் தேடினால் அகப்படாது. சிங்களத்தில் எழுதிய குறிப்புகள் எஃப்எம் அபய என்ற அதேபோன்ற எழுத்துருவில் இருந்தன. அவற்றுக்கும் அதே கதி. மூன்று மொழிகளில் மூன்று பேர் பொறுப்பாகப் பதிந்த ஒரு பட்டியலில், வாசிக்கக்கூடியதாக எஞ்சியது ஆங்கிலத்தில் எழுதியது மட்டுமே.

மீதியை நான் கையால் அடித்தேன். வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு வந்து, சாப்பிட்டு, இரவு ஒன்பதரை தொடக்கம் நடுநிசி வரை, பத்தொன்பது இரவுகள், 1,860 வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் ஒரு பையிலிருந்த ஓடுகள்: எந்தக் குழி, எந்த மண் அடுக்கு, விளிம்பா, உடலா, அடியா, கறுப்பு-சிவப்பா, சாம்பல் நிறமா, எத்தனை கிராம். தங்கையின் மகள் திரையைப் பார்த்து வாசிக்க நான் அடிப்பேன். "பெரியம்மா, இது மூண்டோ, எட்டோ?" என்று அவள் கேட்காத பக்கம் இல்லை. பலமுறை எனக்கும் தெரியவில்லை.

இடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. பட்டியலில் 14ஆம் அடுக்கு என்று வரும் மண், குழிச் சுவரில் தெரியும் அடுக்குகளைக் காட்டும் வெட்டுமுக வரைபடத்தில் 9ஆம் அடுக்காக இருக்கிறது. அறிக்கை எழுதும்போது அடுக்குகளுக்குப் புதிய எண்கள் கொடுத்திருக்கிறார்கள். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திக் காட்டும் ஒரு பக்கத் தாள் எங்கும் இல்லை. ஆழங்களோ 'கிணற்றுக் கட்டின் வடகிழக்கு மூலையிலிருந்து' அளக்கப்பட்டவை. பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அந்தக் கட்டை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். ஆகவே, அத்தனை இரவுகள் அடித்த எண்களை வைத்துக்கொண்டு, எந்த ஓட்டுக்கு மேலே எந்த ஓடு கிடந்தது என்ற முதற்கேள்விக்குக்கூட என்னால் பதில் சொல்ல முடியாது.

அகழ்வு என்பது இடத்தை அழித்துப் படிக்கும் வேலை என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அகற்றிய அடுக்கை எவராலும் திரும்ப வைத்துத் தோண்ட முடியாது. குழியை மூடிய பின் அந்த இடமாக எஞ்சுவது பதிவு ஒன்றுதான். ஆகவே என் வேண்டுகோள் இதுவே: அகழ்வுப் பதிவுகளை, அவை எழுதப்பட்ட வடிவிலேயே, பிறர் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவாறு வெளியிடுங்கள். அட்டவணை அட்டவணையாகவே வரட்டும். தமிழும் சிங்களமும் எந்தக் கணினியிலும் வாசிக்கக்கூடிய யூனிகோட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு படத்தோடும் குழி எண்ணும் அடுக்கு எண்ணும் சேர்ந்திருக்கட்டும். அளவைகள் எந்த ஆள்கூற்று முறையில், அதாவது இடத்தை எண்களால் குறிக்கும் எந்த முறையில், எடுக்கப்பட்டன என்று ஒரு வரி இருக்கட்டும். நில அளவைக்கான பழைய கண்டவளைக் கட்டமைப்பில் தொடக்கப் புள்ளிக்கு இரு திசைகளிலும் 200,000 மீற்றர் என்றும், 1999ஆம் ஆண்டுக் கட்டமைப்பில் 500,000 மீற்றர் என்றும் இருக்கும் நாட்டில், அந்த ஒரு வரி இல்லாமல் முன் இலக்கங்களை விட்டுச் சுருக்கி எழுதிய எண்கள் வெறும் ஊகத்துக்கே உதவும்.

இது என் ஒருத்தியின் ஆய்வேட்டுக் கவலை மட்டுமல்ல. அநுராதபுரத்து உள்நகரில் 1969இல் தொல்லியலாளர் சிரான் தெரணியகல தொடங்கிய அகழ்வுகளும், 1989 முதல் 1994 வரை பிரித்தானியத் தொல்லியலாளர் ரொபின் கனிங்ஹாமின் குழு செய்த அகழ்வும், பிராமி என்னும் பண்டை எழுத்துப் பொறித்த ஓடுகளை அசோகர் காலத்துக்கு முந்திய அடுக்குகளிலிருந்து தந்தன. அந்தக் காலக்கணிப்பை ஏற்போரும் ஐயுறுவோரும் இருக்கிறார்கள். அந்த விவாதத்தில் ஒருவர் பொறுப்போடு கலந்துகொள்ள, ஓடு கிடந்த அடுக்கு, காலம் கணிக்க எடுத்த காபன் மாதிரியின் ஆய்வுகூட எண், திருத்தப்படாத வயது, அதன் பிழை வரம்பு ஆகிய நான்கும் வேண்டும். காபன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் திருத்த வளைகோடு காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுகிறது. 2020இலும் புதியது வந்தது. மாற்றிய ஆண்டை மட்டும் அறிக்கையில் அச்சிட்டு மூல எண்ணைக் கோப்பிலேயே விட்டுவிட்டால், எந்த அகழ்வின் காலத்தையும் புதிய வளைகோட்டில் மறுபடி கணிக்க வழியில்லை.

மன்னாருக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான மாந்தையில் 1980 தொடக்கம் 1984 வரை தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடந்த அகழ்வைப் போர் நிறுத்தியது. அதன் அறிக்கை நூலாக வந்தது 2013இல். போருக்கு எந்த ஆய்வாளரும் பொறுப்பல்லர்; அத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அதை வெளிக்கொணர்ந்தவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் போர் முடிந்த பிறகு தோண்டிய குழிகளின் பதிவுகளுக்கும் அதே காத்திருப்பு ஏன்? "அறிக்கை வந்ததும் தருவோம்" என்ற பதிலை நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அறிக்கை வருவதற்குள் எழுத வேண்டியவர் ஓய்வு பெறுகிறார், கணினி பழுதாகிறது, எண்களின் பொருள் தெரிந்த மாணவர் வெளிநாடு போய்விடுகிறார். இதற்கிடையில் ஒரு செங்கல் தெரிந்தால் போதும், அது பௌத்தச் சின்னமா, இந்துச் சின்னமா என்று தொலைக்காட்சியில் சண்டை தொடங்கிவிடுகிறது. அந்தச் செங்கல் எந்த அடுக்கில், எதன்மேல், எதனோடு கிடந்தது என்ற தாள் மட்டும் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கிறது. தங்கள் காணியில் தோண்டியது என்னவென்று அந்த ஊர் மக்கள் செய்தித்தாளைப் பார்த்து அறிகிறார்கள். இது அவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

உங்கள் தயக்கங்கள் எனக்கும் புரிகின்றன. வெயிலில் நின்று தோண்டியவருக்கே முதலில் எழுதும் உரிமை வேண்டும். அதற்கென இரண்டு ஆண்டுகளோ மூன்று ஆண்டுகளோ ஒதுக்கி, அந்தக் காலம் முடியும் நாளையும் முன்கூட்டியே அறிவித்துவிடலாம். புதையல் தோண்டுவோரின் தொல்லை உண்மையானது. துல்லியமான அமைவிடத்தை மறைத்து மற்றெல்லாவற்றையும் திறக்கலாம். யார், எந்த நிபந்தனையோடு பயன்படுத்தலாம் என்று மூன்று மொழிகளிலும் தெளிவாக ஓர் உரிமக் குறிப்பு எழுதிவிட்டால், ஒவ்வொரு கடிதத்துக்கும் தனித்தனியாக அனுமதி தரும் சுமை உங்களுக்கும் குறையும். இங்கிலாந்தில் யோர்க் பல்கலைக்கழகத்தில் 1996 தொடக்கம் இயங்கும் தொல்லியல் தரவகம், அகழ்வு நடத்துவோரிடமிருந்து கோப்புகளைப் பெற்று, வடிவம் பழசாகும்போது புதிய வடிவுக்கு மாற்றி, எவரும் இலவசமாக எடுக்கும்படி வைத்திருக்கிறது. அந்த அளவு பெரிய அமைப்பு நாளைக்கே வேண்டுமென்று நான் கேட்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இன்றி இந்நாட்டில் எவரும் அகழ முடியாது. அந்தப் பத்திரத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தாலே தொடங்கிவிடலாம்: குறித்த காலத்துக்குள் பதிவுகளை, எழுதிய வடிவிலேயே, எண்களின் விளக்கத்தோடு ஒப்படைக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்லச் சொல்கிறது என்பதை அறிவேன். ஆனாலும் ஓடு எண்ணிய பட்டியலுக்காக ஒரு மாணவர் சட்டத்தை நாடும் நிலையை நீங்களும் விரும்பமாட்டீர்கள் என்றே நம்புகிறேன்.

நான் அடித்த 1,860 வரிசைகளையும் யூனிகோட்டில் சரிபார்த்து, வாசிக்க முடியாத எண்களுக்கு அடையாளமிட்டு வைத்திருக்கிறேன். கேட்டால் உடனே தருவேன். வேறு எவருக்கும் நீங்கள் கொடுக்கலாம். பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். பழைய அடுக்கு எண்களையும் புதிய எண்களையும் பொருத்திக் காட்டும் அந்த ஒரு பக்கத் தாள் உங்களில் எவருடைய மேசையிலாவது, பழைய மடிக்கணினியிலாவது இருக்கக்கூடும். தயவுசெய்து ஒருமுறை தேடிப் பாருங்கள்.

நன்றியுடன்,
மட்பாண்டங்களைப் படிக்கும் ஒருத்தி
வெள்ளவத்தை, கொழும்பு 06